பழைய வண்டியில் புதிய பாட்டு

பாடம் 6 – உரைநடை (விளக்கக் கட்டுரை)

நுழையுமுன்

ஒரு கருவி பழையதாகிவிட்டது என்பதற்காக அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. அஃது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், புதிய கருவியோடு அதனை இணைக்கும் வழியும் புலப்படும். பழைய மகிழுந்தில் உள்ள ஒலிநாடாக் கருவியோடு கையடக்க இசைக்கருவியை இணைக்கும் முறைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஊருக்குச் செல்லும் வழியில்

புனே நகரின் கட்கிப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அக்குடும்பம் தன் பழைய மகிழுந்தில் வேலூருக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குச் செல்கிறது. தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகச் சாத்தாரா, கோலாப்பூர், பெளகாவி, ஹூப்பள்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்க வேண்டும்.

காத்ரஜ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் வண்டியின் வானொலி இரையத் தொடங்குகிறது. நகரைவிட்டு விலக விலகப் புனேயின் பண்பலை நிலையங்கள் மறைந்துபோகின்றன. பிறகு வேறு ஊர்களின் நிலையங்கள் சிறிது நேரம் கேட்கின்றன. முதலில் மராத்தி, பின்னர் கன்னடம். தமிழ்ப் பாட்டைக் கேட்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த வண்டியின் ஸ்டீரியோ ஒலிநாடாவை (கேசட்) மட்டுமே இயக்கக்கூடியது. டேஷ்போர்டுப் பெட்டியில் ஆறு ஒலிநாடாக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் பாட்டி பாடிய தாலாட்டு பதிவாகியுள்ளது. பாட்டி இன்று உயிரோடு இல்லை. பிள்ளைகள் விரும்பும் பாடல்களோ கைப்பேசியிலும் சிறிய இசைக்கருவியிலும் உள்ளன. “இந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திவிடலாம்” என்கிறார் கடைக்காரர். அவ்வாறு செய்தால் பிள்ளைகளின் பாடல்கள் ஒலிக்கும். ஆனால் பாட்டியின் குரல் வண்டியில் ஒலிக்காது.

இரண்டையும் காப்பதற்கு வழி உண்டா? உண்டு. அதனை அறிய, வண்டிக்குள் இசை வந்த வரலாற்றை முதலில் காண்போம்.

வண்டிக்குள் இசை வந்த வரலாறு

அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் உடன்பிறப்புகளின் நிறுவனம் 1930ஆம் ஆண்டில் மகிழுந்துக்கான வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வானொலிக்குச் சூட்டப்பட்ட ‘மோட்டோரோலா’ என்னும் பெயரே பின்னர் அந்நிறுவனத்தின் பெயராயிற்று. வானொலியில் நிலையம் ஒலிபரப்புவதை மட்டுமே கேட்க முடியும். விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்க இயலாது.

அக்குறையைத் தீர்த்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு இதனை உருவாக்கியது. 1963ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற வானொலிக் கண்காட்சியில் இது மக்கள் பார்வைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் நெகிழிப் பேழைக்குள் 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா சுற்றப்பட்டிருக்கும். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். அறுபது நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடம், அதாவது 1,800 நொடி ஓடும். 4.76 என்பதை 1,800ஆல் பெருக்கினால் 8,568 சென்டிமீட்டர் கிடைக்கும். அஃதாவது அச்சிறிய பேழைக்குள் ஏறத்தாழ 86 மீட்டர் நீளமுள்ள நாடா இருக்கிறது!

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் ஒலிப்பதிவுக் கடைகள் தோன்றின. வேண்டிய பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அவற்றை வரிசையாகப் பதிவு செய்து தருவார். வெளியூரில் வேலை பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அத்தகைய ஒலிநாடாக்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுசென்றனர். எழுதத் தெரியாத பெற்றோர் தம் குரலைப் பதிவு செய்து, கடிதத்திற்கு மாற்றாக அனுப்பியதும் உண்டு.

1979ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ‘வாக்மேன்’ என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. 2001ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் ‘ஐபாட்’ கருவியை அறிமுகப்படுத்தியது. ஆயிரம் பாடல்கள் சட்டைப்பைக்குள் அடங்கின. இன்று அப்பணியைக் கைப்பேசியே செய்துவிடுகிறது.

கையிலிருக்கும் கருவிகள் விரைவாக மாறின. வண்டிகள் அவ்வளவு விரைவாக மாறவில்லை. மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்றது புனே. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமான டாட்டா இண்டிகா இந்நகரில்தான் உற்பத்தியாயிற்று. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஒலிநாடா ஸ்டீரியோவே பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே, பழைய ஸ்டீரியோவையும் புதிய இசைக்கருவியையும் இணைக்க வேண்டிய தேவை எழுந்தது.

வாயிலைக் கண்டறிதல்

இசைக்கருவி பாட்டை மின்னலைகளாக வெளியே அனுப்புகிறது. ஸ்டீரியோ அம்மின்னலைகளைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறது. ஒலிபெருக்கி அவற்றை ஒலியாக மாற்றுகிறது. எனவே நாம் செய்ய வேண்டியது ஒன்றே: மின்னலைகள் ஸ்டீரியோவுக்குள் நுழைவதற்கு ஒரு வாயிலைக் கண்டறிய வேண்டும்.

வீட்டில் முன்வாயில், பின்வாயில், சன்னல் ஆகியன இருப்பதுபோல ஸ்டீரியோவிலும் பல வாயில்கள் உள்ளன. கம்பி நுழையும் துளை ஒன்று. ஒலிநாடா நுழையும் இடம் மற்றொன்று. வானொலி அலையை வாங்கும் அலைவாங்கி (ஆன்டெனா) இன்னொன்று. இவற்றுள் எது இருக்கிறதோ அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் முறை: ஆக்ஸ் துளை

ஸ்டீரியோவின் முகப்பில் ‘ஆக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட சிறிய வட்டத் துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் விட்டம் 3.5 மில்லிமீட்டர். காதொலிப்பானைச் செருகும் துளையும் அதே அளவுடையது. இரு முனைகளிலும் செருகி உள்ள ஒரு கம்பி போதும். ஒரு முனையை இசைக்கருவியிலும் மறுமுனையை ஸ்டீரியோவிலும் செருகிவிட்டு, ஸ்டீரியோவில் ‘ஆக்ஸ்’ என்பதைத் தேர்வு செய்தால் பாட்டு ஒலிக்கும்.

இச்செருகியின் மீது கறுப்பு வளையங்கள் இரண்டு இருப்பதைக் காணலாம். அவை உலோகப் பகுதியை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்க ஒலிக்கும், நடுப்பகுதி வலப்பக்க ஒலிக்கும், அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான திரும்பு வழிக்கும் உரியவை. பழங்காலத் தொலைபேசி இணைப்பகங்களில் பணியாளர்கள் அழைப்புகளை இணைக்கப் பயன்படுத்திய பெரிய செருகியே காலப்போக்கில் இவ்வளவு சிறிதாகியுள்ளது.

கைப்பேசிகள் பலவற்றில் இப்போது வட்டத் துளை இருப்பதில்லை. அவற்றுக்கு மின்னேற்றத் துளையில் பொருந்தும் சிறு இணைப்பியை வாங்கிக்கொள்ளலாம். இசைக்கருவியின் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்துவிட்டு, எஞ்சியதை ஸ்டீரியோவில் கூட்டியும் குறைத்தும் கொள்வது நல்லது. இசைக்கருவியில் ஒலி மிகக் குறைவாக இருந்தால் இரைச்சல் மேலோங்கும். மிகுதியாக இருந்தால் பாட்டு கரகரக்கும்.

இரண்டாம் முறை: ஒலிநாடா இணைப்பி

ஆக்ஸ் துளை இல்லாத வண்டிக்கு ஏற்றது இம்முறை. கட்கிக் குடும்பத்தின் வண்டிக்கும் இதுவே பொருந்தும்.

ஒலிநாடாவின் மேற்பரப்பில் காந்தத் தன்மையுள்ள நுண்துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. பாட்டானது அத்துகள்களில் காந்த வடிவில் பதிந்திருக்கும். ஸ்டீரியோவுக்குள் ‘ஹெட்’ எனப்படும் சிறிய உலோகத் தலை உள்ளது. நாடா அதனை உரசிச் செல்லும்போது காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

ஒலிநாடா இணைப்பியோ ஒலிநாடாவைப் போன்றே தோன்றும்; ஆனால் அதற்குள் நாடா இல்லை. நாடா உரசும் இடத்தில் ஒரு சிறு காந்தத் தலை இருக்கிறது. இணைப்பியிலிருந்து வரும் கம்பியை இசைக்கருவியில் செருகியதும், பாட்டின் மின்னலைகள் அத்தலைக்குச் சென்று மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. ஸ்டீரியோவின் தலை அதனை உணர்ந்து, நாடாதான் ஓடுகிறது என்பதுபோலப் பாட்டை ஒலிக்கிறது. தலையோடு தலை முகம் பார்த்து நிற்கிறது. நடுவில் நாடாவுக்கு வேலையே இல்லை.

சில ஸ்டீரியோக்கள் சக்கரம் சுழலவில்லையென்றால் நாடா முடிந்துவிட்டது என்று கருதி நின்றுவிடும். அல்லது பேழையை வெளியே தள்ளிவிடும். அதனால் இணைப்பிக்குள் பற்சக்கரங்கள் அமைந்துள்ளன. பக்கத்தைத் தானே மாற்றும் ஸ்டீரியோவில் ஒரு பக்கத்தில் ஒலி எழவில்லையென்றால், பக்கம் மாற்றும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒலி மங்கலாக இருந்தால் ஸ்டீரியோவின் தலையில் தூசு படிந்திருக்கலாம். பெரியவர்கள் பஞ்சில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு மென்மையாகத் துடைத்தால் அது தெளிவடையும்.

இம்முறையின் பெருஞ்சிறப்பு யாதெனில், ஸ்டீரியோவில் எதனையும் கழற்ற வேண்டியதில்லை. இணைப்பியை வெளியே எடுத்துவிட்டுப் பாட்டியின் ஒலிநாடாவை உள்ளே வைத்தால் அதுவும் ஒலிக்கும்.

இத்தகைய பழம்பொருள்களைத் தேடுவோர் புனேயின் ஜுனா பஜாருக்குச் செல்வதுண்டு. ‘ஜுனா’ என்னும் மராத்திச் சொல்லுக்குப் ‘பழைய’ என்பது பொருள். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அச்சந்தை கூடுகிறது. புதிய கம்பிகளும் மின்னணுப் பொருள்களும் புதவார் பேட்டையிலுள்ள தாப்கீர் கல்லியில் விற்கப்படுகின்றன.

மூன்றாம் முறை: பண்பலை பரப்பி

ஆக்ஸ் துளையும் இல்லை, ஒலிநாடாப் பகுதியும் பழுதாகிவிட்டது என்று கொள்வோம். வானொலி மட்டும் இயங்கினாலும் போதும். பண்பலை பரப்பி என்னும் சிறு கருவியை வண்டியின் 12 வோல்ட் மின்துளையில் செருகலாம். அது பாட்டை வானொலி அலையாக மாற்றிச் சில மீட்டர் தொலைவுக்குப் பரப்பும். வண்டியின் வானொலி அதனை ஒரு நிலையமாகவே கருதி வாங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் பண்பலை வானொலி நிலையங்களுக்கு உரிய எல்லை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கியது என்பது அறியத்தக்கது. பரப்பிக்கு எந்த நிலையமும் இல்லாத வெற்று எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்றாக, 98.3 என்னும் எண்ணில் புனேயிலும் நிலையம் உண்டு. சென்னையிலும் நிலையம் உண்டு. வலிமை மிகுந்த நிலையத்தின் எண்ணில் பரப்பியை வைத்தால் இரண்டும் கலந்து இரைச்சலே மிஞ்சும். ஓர் ஊரில் வெறுமையாக இருந்த எண் மற்றோர் ஊரில் நிரம்பியிருக்கலாம். எனவே நெடும்பயணத்தில் எண்ணை மாற்ற வேண்டிவரும். மற்ற முறைகளோடு ஒப்பிடுகையில் இதன் ஒலித்தரம் குறைவு.

நான்காம் முறை: புளூடூத் வாங்கி

ஆக்ஸ் துளை இருந்தும் கம்பி வேண்டாம் என்று கருதுவோர் புளூடூத் வாங்கியைப் பயன்படுத்தலாம். கட்டைவிரல் அளவுள்ள அக்கருவியை ஆக்ஸ் துளையில் செருகினால், கைப்பேசியிலிருந்து பாட்டு கம்பியின்றி வந்து சேரும். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்னும் அரசரின் சிறப்புப் பெயரே ‘புளூடூத்’. பிரிந்திருந்த மக்களை அவர் ஒன்றிணைத்ததுபோல வெவ்வேறு கருவிகளை இணைப்பதால் இந்நுட்பத்திற்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

இரைச்சல் எழுந்தால்

இசைக்கருவிக்கு வண்டியிலேயே மின்னேற்றம் செய்துகொண்டு பாட்டுக் கேட்கும்போது சில வண்டிகளில் ‘கொய்ங்’ என்னும் ஒலி எழும். வண்டியின் வேகம் கூடும்போது அவ்வொலியும் கூர்மையாகும். இசைக்கருவி பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. மின்னேற்றக் கம்பி, ஒலிக்கம்பி ஆகிய இரண்டின் வழியாகவும் இசைக்கருவியும் ஸ்டீரியோவும் இணைவதால் மின்னோட்டம் சுற்றி வருகிறது. எஞ்சினால் இயங்கும் மின்னாக்கியின் இரைச்சல் அதனோடு கலந்துவிடுகிறது. மின்னேற்றக் கம்பியை எடுத்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். நிற்காவிட்டால் செருகிகள் சரியாகப் பொருந்தியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டீரியோவின் பின்புறக் கம்பிகளைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

பாட்டும் பாதுகாப்பும்

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பணி வண்டி ஓட்டுபவருக்கு உரியதன்று. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவது 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. புறப்படும் முன்பே பாடல்களை வரிசைப்படுத்தி வைப்பதும், வழியில் மாற்ற வேண்டுமாயின் உடன் வருபவர் மாற்றுவதும் முறையாகும். கம்பிகள் பிரேக், கிளட்ச் ஆகியவற்றின் அருகே தொங்கக் கூடாது. பின்னால் வரும் ஆம்புலன்சின் ஒலி காதில் விழும் அளவிலேயே பாட்டு ஒலிக்க வேண்டும்.

குரலைக் காத்தல்

பயன்படாத மின்னணுப் பொருள்கள் மின்கழிவாகின்றன. அவற்றின் சுற்றுப் பலகைகளில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். அவற்றை முறையாக அகற்றுவதற்கென இந்தியாவில் விதிகள் உள்ளன. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சிறிய இணைப்பி ஒன்று நன்றாக இயங்கும் ஸ்டீரியோவின் வாழ்நாளை நீட்டிக்குமாயின், அந்த அளவுக்குக் கழிவும் குறைகிறது.

மற்றொன்றையும் மறவாதிருக்க வேண்டும். ஒலிநாடா நிலையானதன்று. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பேழை வளைந்துவிடலாம். நாடா சிக்கலாம், அறுந்தும் போகலாம். ஆகையால் குடும்பத்தினரின் குரல் பதிந்த ஒலிநாடாவை வண்டியில் வைப்பதற்கு முன் படியெடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள ஒலிநாடாக் கருவியின் காதொலிப்பான் துளையையும் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளையையும் அதே 3.5 மில்லிமீட்டர் கம்பியால் இணைத்து, நாடாவை ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்யலாம். புதிய பாட்டைப் பழைய கருவிக்குக் கொண்டுசென்ற அதே கம்பி, இப்போது பழைய குரலைப் புதிய கருவிக்குக் கொண்டுவருகிறது.

அவ்வாறு படியெடுத்த பின்னர், கட்கிக் குடும்பம் மறுபடியும் பயணம் புறப்படுகிறது. காத்ரஜ் சுரங்கப்பாதையில் வானொலி மங்கியபோதும் பாட்டு நிற்கவில்லை. ஒலிநாடா இணைப்பியின் வழியாகப் பிள்ளைகளின் பாடல்கள் ஒலிக்கின்றன. கோலாப்பூரைத் தாண்டியபின் கடைக்குட்டி உறங்கத் தொடங்குகிறாள். முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் தாய் கைப்பேசியில் வேறொரு பதிவைத் தேர்ந்தெடுக்கிறார். பாட்டியின் தாலாட்டு வண்டி முழுவதும் நிறைகிறது. பாட்டியைக் கண்டிராத அச்சிறுமி அக்குரலைக் கேட்டபடியே உறங்கிவிடுகிறாள்.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
ஒலிநாடா – கேசட்
பண்பலை – எஃப்.எம். வானொலி
அலைவாங்கி – ஆன்டெனா
செருகி – துளையில் பொருத்தும் முனை
நெகிழி – பிளாஸ்டிக்
மின்கழிவு – பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட மின்னணுப் பொருள்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஒலிநாடா மக்கள் பார்வைக்கு வந்த ஆண்டு ______.
(1930 / 1963 / 1979)

2. ஒலிநாடா இணைப்பிக்குள் இல்லாதது ______.
(காந்தத் தலை / பற்சக்கரம் / நாடா)

3. ‘ஜுனா’ என்னும் மராத்திச் சொல்லின் பொருள் ______.
(புதிய / பழைய / பெரிய)

ஆ. பொருத்துக.

1. ஆக்ஸ் துளை – வெற்று எண்
2. ஒலிநாடா இணைப்பி – 3.5 மில்லிமீட்டர் செருகி
3. பண்பலை பரப்பி – டென்மார்க் அரசர்
4. புளூடூத் – மாறும் காந்தப்புலம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. செருகியிலுள்ள மூன்று உலோகப் பகுதிகள் எவற்றிற்கு உரியவை?
2. நெடும்பயணத்தில் பண்பலை பரப்பியின் எண்ணை மாற்ற வேண்டியது ஏன்?
3. மின்னேற்றம் செய்யும்போது எழும் இரைச்சலை எவ்வாறு நிறுத்தலாம்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. ஒலிநாடா இணைப்பி இயங்கும் முறையை விளக்குக.
2. கட்கிக் குடும்பம் ஸ்டீரியோவை மாற்றியிருந்தால் எதனைப் பெற்றிருக்கும்? எதனை இழந்திருக்கும்? உன் கருத்தை எழுதுக.

உ. பிரித்து எழுதுக.

மின்னோட்டம் = மின் + ஓட்டம்
மகிழுந்து = ______ + ______
காந்தப்புலம் = ______ + ______
கைப்பேசி = ______ + ______

ஊ. செயல்திட்டம்

உன் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய ஒலிநாடாக்கள் உள்ளனவா என்று பெரியவர்களிடம் கேட்டறிக. அவற்றில் யாருடைய குரல், எந்த ஊரில், எந்த நிகழ்வின்போது பதிவு செய்யப்பட்டது என்பதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. ஒலிநாடா இல்லையெனில், பாட்டி அல்லது தாத்தாவிடம் ஒரு பாட்டையோ கதையையோ கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து வருக.